விளக்கை எடு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் மைல் கணக்கில் குகைகள் ஓடுகின்றன. 1972 செப்டம்பர் 9 அன்று ஒரு சிறிய குழு பிளின்ட் ரிட்ஜ் என்ற குகையில் இறங்கி, நிலத்தடி ஆற்று நீரில் நடந்து, மாமத் குகையில் போய் ஏறியது. அதுவரை தனித்தனி என்று எண்ணியிருந்த இரண்டும் ஒன்றுதான் என்று அன்றைக்கு உறுதியானது. மொத்தம் 232 கிலோமீட்டர். உலகிலேயே நீளமான குகை. அந்தக் குழுவில் இருந்தவர் பாட்ரீசியா கிரௌதர். சில நாள்களுக்கு முன்புதான், மற்றவர்கள் நுழையத் தயங்கிய ஓர் இடுக்கில் உடலைக் குறுக்கி ஊர்ந்து, அப்பால் வழி இருப்பதைக் கண்டு வந்திருந்தார்.

அவருடைய கணவர் வில் கிரௌதரும் குகைப் பித்தர். மாசசூசெட்ஸில் போல்ட், பெரானெக் அண்டு நியூமன் என்ற நிறுவனத்தில் நிரலாளர். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டின் கணினிகளை ஒன்றோடொன்று பேச வைத்த சிறு குழுவில் ஒருவர். குகைக்குள் நாடா பிடித்து அளந்து வந்த எண்களைக் கணினியில் ஏற்றி வரைபடமாக்குவது அந்தத் தம்பதி சேர்ந்து செய்த வேலை. 1970-களின் நடுவில் இருவரும் பிரிந்தார்கள். கிரௌதர் குகைக்குப் போவதும் குறைந்தது. பிள்ளைகளோடு இருக்கும் நேரமும் குறைந்தது.

அந்த வெறுமையில் அவர் ஒரு நிரல் எழுதினார். தனக்குத் தெரிந்த குகையைச் சொற்களால் கட்டி, அதற்குள் கொஞ்சம் கற்பனையைச் சேர்த்து, தன்னைப் பார்க்க வரும் இரண்டு மகள்கள் விளையாடுவதற்காகச் செய்தது அது. படம் கிடையாது, ஒலி கிடையாது. நீங்கள் ஒரு சாலையின் முடிவில் நிற்கிறீர்கள். செங்கல் வீடு ஒன்று, அருகே ஓர் ஓடை. என்ன செய்யப் போகிறீர்கள் என்று கணினி காத்திருக்கும். இரண்டே சொற்களில் பதில் தட்ட வேண்டும். உள்ளே இருட்டு என்பதால் விளையாடுபவர் முதலில் தட்டக் கற்றுக்கொள்ளும் கட்டளைகளில் ஒன்று: விளக்கை எடு.

ஃபோர்ட்ரான் மொழியில் ஏறக்குறைய 700 வரி நிரல், அதே அளவுக்கு வருணனைகள். ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தை மட்டுமே அது பார்க்கும். இவ்வளவுதான் 'அட்வெஞ்சர்'. வீடியோ கேம் உலகில் தனி ஒருவர் கதையை எழுதி, வழிகளை வடிவமைத்து, நிரலையும் எழுதும் தொழிலுக்கு இதைத்தான் தொடக்கமாகச் சொல்ல வேண்டும். அதைத் தொழில் என்று கிரௌதர் நினைத்திருக்க மாட்டார். விலை வைக்கவில்லை. பெயர் வாங்கவும் முயலவில்லை. நிறுவனத்துக் கணினியில் ஒரு பிரதியை வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

மற்றவர்கள் விடவில்லை. ஸ்டான்போர்ட் மாணவர் டான் வுட்ஸ் 1976-ல் அந்த நிரலைக் கண்டார். எழுதியவரின் அனுமதி வேண்டும். ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அர்ப்பாநெட்டில் இருந்த ஒவ்வொரு கணினிக்கும் 'கிரௌதர்' என்ற பெயருக்கு அஞ்சல் அனுப்பினார். அப்படி அனுப்பி ஆளைப் பிடித்துவிடக் கூடிய அளவுக்கு இணையம் சின்னதாக இருந்த காலம். அனுமதி கிடைத்தது. வுட்ஸ் சேர்த்த புதையல்களும் பூதங்களும் கொண்ட 1977-ஆம் ஆண்டுப் பதிப்புதான் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் பரவியது.

கிரௌதரின் மூல நிரல் காணாமலே போயிற்று என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. 2005-ல் வுட்ஸின் பழைய மாணவர் கணக்கின் காப்புப் பிரதிக்குள் அது கிடைத்தது. டென்னிஸ் ஜெர்ஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியர் அதை வரி வரியாகப் படித்தார். அதோடு நிற்காமல் கென்டக்கிக்குப் போய், குகைக்குள் இறங்கி, விளையாட்டின் வருணனையையும் பாறையையும் ஒப்பிட்டுப் பார்த்து 2007-ல் கட்டுரை எழுதினார். வாசலில் இருக்கும் இரும்புக் கதவு முதற்கொண்டு பலவும் ஒத்துப்போயின. ஓர் இலக்கிய ஆய்வாளர் கல்வெட்டு படிப்பவரைப் போலக் களத்துக்குப் போய்ச் சரிபார்த்தார். இந்த எழுத்துக்கு அந்த மரியாதை தகும்.

அட்வெஞ்சரை ஆடி முடித்த கையோடு, எம்ஐடியில் டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்லிங் ஆகிய நால்வர் அதைவிடப் பெரியதைச் செய்யக் கிளம்பினார்கள். 'ஸோர்க்' பிறந்தது. இரண்டு சொல் போதாது, முழு வாக்கியத்தையே புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். கத்தியால் பூதத்தைத் தாக்கு என்றால் எதால், எதை என்று நிரலுக்குத் தெரிய வேண்டும். 1979 ஜூனில் எம்ஐடி நண்பர்கள் சிலர் சேர்ந்து இன்ஃபோகாம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கேதான் இந்தக் கதையின் முக்கியமான திருப்பம் வருகிறது. அது ஒரு பணச் சிக்கலிலிருந்து வந்தது.

வீட்டுக் கணினிகள் அப்போது ஆளுக்கொரு ரகம். ஆப்பிளுக்கு எழுதிய நிரல் அட்டாரியில் ஓடாது, அட்டாரிக்கு எழுதியது டிஆர்எஸ்-80-ல் ஓடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதினால் கட்டுப்படியாகாது. இன்ஃபோகாமின் ஜோயல் பெரெஸும் மார்க் பிளாங்கும் ஒரு வழி கண்டார்கள். எங்குமே இல்லாத ஒரு கணினியைக் காகிதத்தில் வடிவமைத்தார்கள். கதைகளையெல்லாம் அந்தக் கற்பனைக் கணினிக்கே எழுதுவது. ஒவ்வொரு நிஜக் கணினியும் அந்தக் கற்பனைக் கணினியைப் போல நடிக்க ஒரு சிறு நிரல் போதும். நாடகப் பிரதி ஒன்று, ஊர்தோறும் மேடை மட்டும் வேறு என்பதைப் போல. அதற்கு இசட்-மெஷின் என்று பெயர்.

இடம் மிச்சம் பிடிப்பதில் அது பெரிய கஞ்சன். எழுத்துக்கு ஐந்து பிட் என்று கணக்குப் போட்டு, மூன்று எழுத்துகளை இரண்டு பைட்டுக்குள் திணிக்கும். தொடக்க காலக் கதைக் கோப்பு முழுவதற்கும் 128 கிலோபைட்தான் உச்ச வரம்பு. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதைவிடப் பல மடங்கு இருக்கும். ஒரு பெயரடையைச் சேர்த்தால் வேறொன்றை வெட்ட வேண்டும் என்ற நிலையில் எழுதியவர்கள் அவர்கள். 1982-ல் வந்த 'டெட்லைன்' என்ற துப்பறியும் விளையாட்டில் தடயங்கள் வட்டுக்குள் அடங்கவில்லை. எனவே விசாரணை அறிக்கைகளை அச்சிட்டு, மாத்திரைகளைச் சின்னப் பையில் போட்டுப் பெட்டியோடு சேர்த்து விற்றார்கள். ஸோர்க்கின் முதல் பாகம் மட்டும் மூன்றரை லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அதே காலத்தில் வேறு இடங்களிலும் இந்தத் தொழில் முளைத்தது. ஸ்காட் ஆடம்ஸ் 1978-ல் 16 கிலோபைட் நினைவகத்துக்குள் 'அட்வெஞ்சர்லேண்ட்' எழுதி ஒலிநாடாவில் விற்றார். கலிஃபோர்னியாவில், வீட்டில் இருந்த கணினி முனையத்தில் கிரௌதரின் குகையை ஆடி மயங்கிய ராபர்ட்டா வில்லியம்ஸ், 1980-ல் தானே ஒரு மர்மக் கதை எழுதி, படங்களும் வரைந்தார். கணவர் கென் நிரல் எழுதினார். 'மிஸ்டரி ஹவுஸ்' வட்டுகளைப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு விற்றார்கள். 10,000-க்கு மேல் போயிற்று. படம் வந்ததும் காசு படத்தின் பக்கம் சாய்ந்தது.

இன்ஃபோகாமின் வீழ்ச்சிக்கு அது மட்டும் காரணமில்லை. கதை விளையாட்டு விற்றுச் சம்பாதித்ததை 'கார்னர்ஸ்டோன்' என்ற வணிகத் தரவுத்தள மென்பொருளில் கொட்டினார்கள். 1985-ல் வெளியான அது விற்கவில்லை. 1986-ல் ஆக்டிவிஷன் என்ற நிறுவனம் இன்ஃபோகாமை வாங்கியது. 1989-ல் மாசசூசெட்ஸ் அலுவலகம் மூடப்பட்டது. சந்தையைப் பொறுத்தவரை எழுத்து விளையாட்டு அன்றோடு செத்துவிட்டது.

ஆனால் அந்தக் கற்பனைக் கணினி சாகவில்லை. இந்தத் தொழிலின் வரலாற்றில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான்: கம்பெனி போய்விடும், கருவி நிலைத்து நிற்கும். 1980-களின் பிற்பகுதியிலேயே ஆஸ்திரேலியாவில் சிலர், இன்ஃபோகாம் கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு இசட்-மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து, அதை ஓட்டும் நிரலை எழுதியிருந்தார்கள். 1993-ல் ஆக்ஸ்போர்டின் கணிதவியலாளர் கிரஹாம் நெல்சன் அடுத்த படிக்குப் போனார். அந்தக் கணினிக்குப் புதிய கதைகளை எழுத உதவும் 'இன்ஃபார்ம்' என்ற மொழியை உருவாக்கி, இலவசமாகக் கொடுத்தார். நெல்சன் கவிஞரும்கூட. மொழியைச் சோதித்துக் காட்ட ஒரு பெரிய கதை தேவைப்பட்டதால் 'கர்ஸஸ்' எழுதினார். குடும்பம் பாரிஸ் சுற்றுலாவுக்குப் புறப்படுகிறது. வரைபடத்தைத் தேடி ஒருவர் பரணில் ஏறுகிறார். அந்தப் பரணிலிருந்து விரியும் கதை பல நூற்றாண்டுகளுக்குப் போய் வருகிறது.

எழுதுபவர்களுக்கான ஒழுக்கத்தையும் நெல்சன் வகுத்தார். ஆடுபவரின் உரிமைகள் என்று ஒரு பட்டியல் போட்டார். முன்னெச்சரிக்கை இல்லாமல் கொல்லக் கூடாது, சரியான சொல்லைக் கண்டுபிடிப்பதையே புதிராக்கிச் சாகடிக்கக் கூடாது என்கிற மாதிரி. எழுத்தாளருக்கு வாசகரிடம் கடமை உண்டு என்பதை இவ்வளவு துல்லியமாக விதிகளாக எழுதிய வேறொரு கலைத் துறையை நினைவுபடுத்திப் பார்ப்பது கடினம்.

1995-ல் ஓர் ஆண்டுப் போட்டி தொடங்கியது. இரண்டு மணி நேரத்தில் ஆடக்கூடிய சிறிய ஆக்கங்கள்தான் அதன் இலக்கு. வந்தவை 12. நாவல் அளவில் மட்டுமே யோசித்த துறைக்கு அந்த இரண்டு மணி நேரக் கட்டுப்பாடு சிறுகதையைக் கொடுத்தது. அந்த முதல் போட்டியில், இன்ஃபார்மில் எழுதப்பட்ட ஆக்கங்களுக்கான பிரிவில் வென்றவர் ஆண்ட்ரூ பிளாட்கின். மலைச்சரிவில் மழையில் மாட்டிக்கொண்ட ஒருவரைப் பற்றிய 'எ சேஞ்ச் இன் தி வெதர்' அவருடைய ஆக்கம். தனித்து நின்ற ஒரு விளையாட்டு எழுத்தாளரின் தொழில் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், இவரைத்தான் காட்ட வேண்டும்.

கார்னகி மெல்லனில் படித்த நிரலாளர். வயிற்றுப்பாட்டுக்கு நிரல் எழுதும் வேலை, மனத்துக்கு விளையாட்டு எழுதும் வேலை என்று ஆண்டுக்கணக்கில் நடத்தினார். 1998-ல் வெளியான 'ஸ்பைடர் அண்டு வெப்' அவருடைய கைத்திறனுக்குச் சான்று. பிடிபட்ட உளவாளி ஒருவர் நாற்காலியில் கட்டுண்டு கிடக்கிறார். எதிரில் விசாரணை அதிகாரி. உளவாளி எப்படி உள்ளே நுழைந்தார் என்பதை நாம் ஆடி ஆடிக் காட்ட வேண்டும். தப்பாக ஆடினால், அப்படி நடந்திருக்க முடியாது என்று அதிகாரி மறுத்து மறுபடி தொடங்க வைப்பார். ஆகவே நாம் தட்டும் ஒவ்வொரு கட்டளையும் ஒரு வாக்குமூலம். வாக்குமூலத்தில் பொய்யும் கலந்திருக்கலாம் என்பது உறைக்கும் கணத்தில், அதுவரை ஆடிய எல்லாமே வேறு அர்த்தம் கொள்கிறது. நாவலில் நம்பத்தகாத கதைசொல்லியைப் படித்திருக்கிறோம். இங்கே அந்தக் கதைசொல்லி நாமே. 2000-ல் வந்த 'ஷேட்' ஒரே ஒரு குடியிருப்பு அறையில் நடக்கிறது. மறுநாள் பாலைவனப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டியவரின் வீட்டில் மெல்ல மெல்ல மணல் தென்படத் தொடங்கும்.

விருந்துகளில் வட்டமாக உட்கார்ந்து ஆடும் 'வேர்வுல்ஃப்' விளையாட்டைப் பலரும் ஆடியிருப்பார்கள். மாஸ்கோவில் திமித்ரி தவிதோவ் 1986-ல் உருவாக்கிய 'மாஃபியா'வுக்கு 1997-ல் அந்த ஓநாய் மனிதர் வேடத்தைப் போட்டுவிட்டவரும் பிளாட்கின்தான். உலகெங்கும் ஆடப்படும் அந்த விளையாட்டிலிருந்து அவருக்குச் சம்பளம் என்று எதுவும் இல்லை.

2010-ல் அவர் வேலையை விட்டார். விளையாட்டு எழுதியே வாழ்வது என்று முடிவு செய்து, அப்போது புதிதாக வந்திருந்த கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் வாசகர்களிடம் கை நீட்டினார். 8,000 டாலர் கேட்டார்; 31,000-க்கு மேல் சேர்ந்தது. செத்துவிட்டதாகச் சந்தை சொன்ன ஒரு கலைக்கு, அதை நேசித்தவர்கள் நேராகப் பணம் கொடுத்தார்கள். 'ஹேடியன் லேண்ட்ஸ்' 2014 அக்டோபரில் வெளியாயிற்று. இரசவாதத்தால் ஓடும் விண்கப்பல் ஒன்று பழுதாகி நிற்கும் கதை. சிக்கலான ஒரு சடங்கை ஒருமுறை நீங்கள் செய்து காட்டிவிட்டால் போதும். அடுத்த முறை அதன் பெயரைச் சொன்னாலே, வேண்டிய பொருள்களைத் தேடி எடுத்து எல்லாப் படிகளையும் விளையாட்டே செய்து முடிக்கும். கற்ற வித்தை கைக்கு வசமாவது என்ற அனுபவத்தை அவர் நிரலாக்கியிருந்தார்.

கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 31,000 டாலரை நான்கு ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 8,000 டாலர்கூடத் தேறாது. அமெரிக்காவில் அதில் ஒருவர் வாழ முடியாது. புகழ் பெற்ற ஒருவரின் நிலையே இதுதான் என்பதை, இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்கள் தெரிந்துகொள்வது நல்லது. இத்தனைக்கும் இடையில், இசட்-மெஷினின் வரம்புகளைத் தாண்டும் 'குளல்எக்ஸ்' என்ற புதிய கற்பனைக் கணினியை வடிவமைத்துப் பொதுவுக்குக் கொடுத்திருந்தார் பிளாட்கின். 2016-ல் அவர் உள்ளிட்ட சிலர் தொடங்கிய லாப நோக்கற்ற அறக்கட்டளை, அந்த ஆண்டுப் போட்டியையும் பழைய ஆக்கங்களின் களஞ்சியத்தையும் இன்று பராமரிக்கிறது.

பிறகு கதவு அகலத் திறந்தது. 2009-ல் கிறிஸ் கிளைமஸ் வெளியிட்ட 'ட்வைன்' என்ற இலவசக் கருவிக்கு நிரல் அறிவே தேவையில்லை. ஒரு பத்தி எழுதி, அதில் ஒரு சொல்லை இணைப்பாக்கினால் அடுத்த பத்தி திறக்கும். கணினித் துறைப் பக்கமே வராதவர்கள் இதில் தங்கள் வாழ்க்கையை எழுதினார்கள். எழுத்தாளர் சார்லி ப்ரூக்கர், 2018-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'பேண்டர்ஸ்நாட்ச்' படத்தின் கிளைக்கதைகளைத் திட்டமிட்டதும் ட்வைனில்தான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜான் இங்கோல்டும் ஜோசப் ஹம்ஃப்ரியும் 2011-ல் தொடங்கிய இங்க்கிள் நிறுவனம், 2014-ல் ஜூல்ஸ் வெர்னின் உலகப் பயணக் கதையை '80 டேஸ்' என்று விளையாட்டாக்கியது. மெக் ஜெயந்த் எழுதிய அதன் உரை ஏறக்குறைய ஐந்து லட்சம் சொற்கள். டைம் இதழ் அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டாக அதைத் தேர்ந்தெடுத்தது. இங்க்கிளும் வழக்கத்தை மீறவில்லை; தன் எழுத்து மொழியான 'இங்க்'கை 2016-ல் இலவசமாகத் திறந்துவிட்டது.

இந்த வரிசையில் தமிழ்ப் பெயர் ஒன்றும் உண்டு. கனடாவின் டொராண்டோவில் அபி என்ற வடிவமைப்பாளரின் தலைமையில் விசை கேம்ஸ் உருவாக்கிய 'வெண்பா' 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது. 1980-களில் புலம்பெயர்ந்த வெண்பாவும் பாவலனும், அங்கே பிறக்கும் மகன் கவினும்தான் கதை. ஊரிலிருந்து கொண்டுபோன சமையல் குறிப்பேடு சிதைந்துகிடக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும். எழுத்து அழிந்துபோவதையே புதிராக்கியது அசலான யோசனை. அடுத்த ஆண்டில், சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரும் பரிசையும், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதையும் வெண்பா வென்றது. கிரௌதர் பிரிந்திருந்த மகள்களுக்காகக் குகையை எழுதினார். வெண்பாவிலும் பெற்றவருக்கும் பிள்ளைக்கும் நடுவே விழுந்த தூரம்தான் பொருள்.

வெண்பாவை உலகம் ஆங்கிலத்திலும் ஆடுகிறது. முழுக்கத் தமிழிலேயே தட்டி ஆடும் எழுத்து விளையாட்டு எப்படி இருக்கும்? ஆங்கிலக் கட்டளையில் வினை முன்னால் நிற்கும். நிரல் முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பிரிக்கும். தமிழில் வினை கடைசியில் வரும், பெயரோ உருபு ஏற்று உருமாறும்: விளக்கு, விளக்கை, விளக்கால், விளக்கில். இதைச் சிக்கல் என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. 'கத்தியால் கயிற்றை அறு' என்றாலும் 'கயிற்றைக் கத்தியால் அறு' என்றாலும் நமக்குப் பொருள் ஒன்றே. எது கருவி, எது செயப்படுபொருள் என்று உருபே சொல்லிவிடுகிறது. எம்ஐடியின் நால்வர் ஆங்கில முன்னிடைச் சொற்களோடு மல்லுக்கட்டிச் சாதித்ததைத் தமிழ் தன் இலக்கணத்திலேயே வைத்திருக்கிறது. ஸ்பானியம், இத்தாலியம், ஜெர்மன் என்று பல மொழிகளுக்கு இன்ஃபார்மை மாற்றி அமைத்திருக்கிறார்கள். தமிழ் தெரிந்த நிரலாளருக்கு இது கைக்கெட்டாத வேலை இல்லை.

அதுவரை ட்வைன் இருக்கிறது. காசு கேட்பதில்லை, தமிழ் எழுத்தைத் தட்டினால் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. பாட்டி வீட்டுப் பரண், பூட்டிக் கிடக்கும் ரைஸ் மில், கரண்ட் போன இரவில் மொட்டை மாடி என்று உங்களுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அறையை எழுதி, அதிலிருந்து வெளியேற இரண்டு வழி வையுங்கள். முதலில் வீட்டுப் பிள்ளைகளிடம் ஆடக் கொடுங்கள்.